தானே அடித்துவிட்ட விடைத்தாள்

சர்ரக். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி, சர்ரக்.

தாளின் மேல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பால்பாயிண்ட் பேனாவை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுக்கிற சத்தம். நான் பில் போடுகிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தப்பாகப் போன பில்லை அப்படித்தான் அடிப்போம். குறுக்கே இரண்டு கோடு, ஓரத்தில் ஒரு கையெழுத்து. பக்கத்து மேசைப் பெண் இன்று காலை யாருக்கோ சர்க்கரைப் பரிசோதனையை இரண்டு தடவை ஏற்றிவிட்டாள், அடித்தாள். தினமும் காதில் விழுகிற சத்தம்தான். இன்றைக்கு அது காதில் விழவில்லை, முதுகில் விழுந்தது.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். ஏ.சி. குளிரிலும் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"இன்னாக்கா, பி.பி. பாக்கட்டுமா? ஸ்டாஃபுக்கு ஃப்ரீதான்" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்லடி. புள்ள பரீட்சைக்குப் போயிருக்கான்."

"அவன் எழுதறதுக்கு உனுக்கு ஏன் வேர்க்குது?"

அவளிடம் என்னவென்று சொல்ல. பூந்தமல்லி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் என் மகன் இந்த நிமிஷம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான். இதே பாடத்தைப் போன செமஸ்டரிலும் எழுதினான். பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் ஸ்கேலை எடுத்து, எழுதிய பக்கங்களையெல்லாம் அவனே குறுக்கே அடித்துவிட்டு வந்தான். தெரியாமல் செய்யவில்லை. கோபத்தில் செய்யவில்லை. கணக்குப் போட்டுச் செய்தான். இன்றும் செய்வானா மாட்டானா என்பது மதியம் அவன் வெளியே வந்தால்தான் தெரியும். அதுவரைக்கும் நான் யாருடைய பில்லையாவது தப்பாகப் போட்டுக்கொண்டிருப்பேன்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு வருஷமாக ஒரு எண்தான் குடியிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி நடக்கிறோம். அதைத் தட்டிவிடாமல் பெருக்குகிறேன், அதைத் தாண்டிப் போய் ஃபேன் போடுகிறேன். கைக்குழந்தையைத் தூங்கவைத்த வீடு போல என்று முதலில் நினைத்தேன். இல்லை. குழந்தை வளரும். இது வளர்வதேயில்லை, குறைந்துவிடுமோ என்கிற பயம் மட்டும் வளர்கிறது. ஏழு புள்ளி ஐந்து இரண்டு. ஏழு புள்ளி ஐந்து ஒன்று. புள்ளிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அந்தக் கடைசி இலக்கத்துக்காக ஒரு வாலிபப் பையன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

சி.ஜி.பி.ஏ. என்கிற அந்தச் சராசரி எண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவனுடைய வகுப்புத் தோழி. மண்ணூர்பேட்டைப் பெண். வகுப்பில் யாருக்கு என்ன வரும் என்று ரிசல்ட்டுக்கு முன்பே வாயால் சொல்லிவிடுவாளாம். பையன்கள் அவளிடம் ஜோசியக்காரியிடம் வருகிற மாதிரி வருவார்களாம். எங்கள் வீட்டில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்பார்கள், ஃப்ரிட்ஜுக்கும் துணி மடித்து வைத்த நாற்காலிக்கும் நடுவில், தரையில். ஒருநாள் நானும் என் பங்குக்கு மகனுடைய நாலு செமஸ்டர் மதிப்பெண்ணையும் கூட்டி நாலால் வகுத்து, "ஏழு புள்ளி ஆறு வருதே, அப்புறம் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீற?" என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, அப்பிடி நாலால வகுத்தா வர்றது சி.ஜி.பி.ஏ. இல்ல. அது ஆச."

"பின்ன எப்பிடி?"

"ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு கனம் கீது ஆன்ட்டி, கிரெடிட்னு. ஒண்ணு நாலு, ஒண்ணு மூணு, லேப் ஒண்ணர. நீங்க வாங்குன கிரேடுக்கு ஒரு புள்ளி குடுப்பாங்க, பத்துலேர்ந்து அஞ்சு வரிக்கும். புள்ளிய கிரெடிட்டால பெருக்கணும். எல்லாத்தயும் கூட்டணும். மொத்த கிரெடிட்டால வகுக்கணும். நாலு கிரெடிட் பேப்பர்ல அடி வாங்குனா எலும்பு முறியும். ஒண்ணரைல வாங்குனா சும்மா வீக்கம், எண்ண தேச்சா போய்டும்."

"லேப் மட்டும்தாம்மா நம்ம கட்சி" என்றான் மகன். "ரெக்கார்டு நோட்ட ஒழுங்கா எழுதிகினு, சாருக்கு குட் மார்னிங் சொல்லிகினு கெடந்தா ஒம்போது கேரண்டி."

"இவன் குட் மார்னிங் சொல்றதே கிரெடிட் பாத்துதான் ஆன்ட்டி. கிரெடிட் இல்லாத சார் எதுர்ல வந்தா செல்ல நோண்டிகினு போய்டுவான்."

விருப்பப் பாடம் என்று ஒன்று உண்டு, பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுப்பது. எது பிடிக்கும் என்று தேர்ந்தெடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. யார் தாராளமாகத் திருத்துவார், எதில் கேள்வி மாறாமல் வருகிறது என்று சீனியர்களிடம் விசாரித்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள் குடும்பத்தைத் துருவுகிற மாதிரி துருவி, அப்புறம்தான் பெயர் கொடுக்கிறார்கள். "நம்மளுக்கு எது புடிக்கும்ன்றது மேட்டர் இல்ல மச்சான், எதுக்கு நம்மள புடிக்கும்ன்றதுதான்" என்று அந்தப் பெண் ஒருமுறை அவனிடம் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நான் அடுப்படியில் சிரிக்க முடியாமல் நின்றேன். காற்றாடி ஒன்று எப்படிச் சுற்றி மின்சாரம் ஆகிறது என்று அதன் அடியில் நின்று பார்க்கவேண்டும் என ஆசைப்பட்டுத்தான் இவன் இந்தப் படிப்புக்கே போனான். காற்றாலைப் பாடம் விருப்பப் பட்டியலில் இருந்தது. அதில் மார்க் வராதாம். எடுக்கவில்லை.

எல்லாம் ஏழரைக்காக. அவன் கண் வைத்திருக்கிற கம்பெனி வளாக நேர்முகத் தேர்வுக்கு ஏழரைக்குக் கீழே இருக்கிறவர்களை உள்ளேயே விடாது. எங்கள் வீட்டில் நாங்கள் ஜாதகம் பார்க்கிறவர்கள் இல்லை, கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்தான். ஆனாலும் அந்த எண்ணின் பெயரைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மா "ஏழரையா, அய்யோ பாவம்" என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான்.

அப்புறம் மழை வந்தது. ஐந்தாவது செமஸ்டர் பரீட்சைக்கு முன்னால் படிப்பதற்கென்று விடுகிற விடுமுறையில், தெருவில் தண்ணீர் நின்ற வாரத்தில், அவனுக்கு டெங்கு வந்தது. என் நிலையத்திலேயே ரத்தம் எடுத்தோம். பிளேட்லெட் எவ்வளவு என்று தினமும் நான் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அவன் கம்பளிக்குள் ஃபோன் வெளிச்சத்தில் வேறு எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான். நெற்றியில் கை வைத்தால் சுட்டது. உதடு வெடித்திருந்தது. "அம்மா, கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் நாலு கிரெடிட்" என்றான். தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து டம்ளரைத் தூக்கினேன்.

காய்ச்சல் விட்டது. படிக்க நாள் இல்லை. மற்ற பாடங்களை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் மட்டும் மலை மாதிரி நின்றது. அந்த மண்ணூர்பேட்டைப் பெண்ணும் படித்திருக்கவில்லை. அக்கா கல்யாணம், வீடு நிறைய ஜனம். இருவரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பேசியது நான் துணி மடிக்கும்போது காதில் விழுந்தது.

"இன்னா வரும்னு நினைக்கிற?" என்றாள் அவள்.

"பாஸாய்டுவேன். அதான் பயமா கீது."

துணியை மடியில் போட்டுவிட்டு நான் நிமிர்ந்தேன். பாஸ் ஆவதற்கு பயப்படுகிற பிள்ளையை நான் அதற்கு முன் கண்டதில்லை. "இன்னாடா சொல்ற?" என்றேன்.

அவன் பொறுமையாகத்தான் சொன்னான். சின்ன வயதில் அவனுக்கு நான் ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்த பொறுமை திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஐம்பது மார்க் எடுத்தால் பாஸ். ஆனால் ஐம்பதுக்குப் பக்கத்தில் எடுத்தால் புள்ளி ஐந்தோ ஆறோதான். நாலு கிரெடிட் பாடத்தில் ஐந்தோ ஆறோ வாங்கினால் மொத்தமும் ஏழரைக்குக் கீழே இறங்கிவிடும். அறுபதைத் தாண்டி ஏழு புள்ளி வாங்கினால் தப்பிக்கலாம். ஒரு தடவை பாஸ் ஆன பாடத்தை மறுபடி எழுத விடமாட்டார்கள்.

"பாஸானா அது கல்வெட்டும்மா. அழிக்க முடியாது. ஃபெயிலானா அந்தப் பேப்பர் வகுத்தல்லயே வராது. சி.ஜி.பி.ஏ. அப்பிடியே நிக்கும். அடுத்த செமஸ்டர்ல நல்லா படிச்சி எழுதி எட்டு, ஒம்போதுகூட வாங்கிக்கலாம்."

"அப்ப போவாமயே இருந்துடேன்."

"ஆப்சென்ட் ஆனா ஊட்டுக்கு ஃபோன் வரும், ஹெச்.ஓ.டி. ரூம் வாசல்ல நின்னுகினு இருக்கணும். அதுவுமில்லாம பேப்பர் ஈஸியா வந்துட்டா? போய் எழுதுவோம். எழுதிட்டு கூட்டிப் பாப்போம். அறுவத தாண்டாதுன்னு தெரிஞ்சா எல்லாத்தயும் அடிச்சிட்டு குடுத்துடுவோம். அடிச்சத திருத்த மாட்டாங்க."

"ரெண்டு பேரும்" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டு பேரும்" என்றான் அவன். கையில் கை தட்டிக்கொண்டார்கள்.

தேறாமல் நிற்கிற பாடத்தை அரியர் என்பார்கள், எங்கள் பக்கத்தில் அது வெறும் சொல் அல்ல. என் தம்பி ஆவடியில் இருக்கிறான். டிப்ளமாவில் ஒரே ஒரு பேப்பர் அவனுக்கு நின்றுபோனது. அடுத்த முறை, அடுத்த முறை என்று எழுதி, எழுதாமல் விட்டு, கல்யாணமாகி, இப்போது அவன் பிள்ளை ஸ்கூல் போகிறது. அந்தப் பேப்பர் அங்கேயே நிற்கிறது. "அந்த ஒண்ணு" என்றுதான் எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர். அந்த ஒண்ணு தேறியிருந்தால் அவன் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆகியிருப்பான். அந்த ஒண்ணு தேறியிருந்தால் அவன் பெண்டாட்டி வீட்டில் அவன் உட்கார்ந்து பேசியிருப்பான். ஒரு மனுஷனுக்குள் ஒரு பேப்பர் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று பார்த்தவள் நான்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு தம்பி சாப்பிட வந்திருந்தான். என் மகனுடைய திட்டத்தைக் கேட்டுவிட்டு, கறியைப் பிட்டபடி சொன்னான்.

"அக்கா, நானு பாஸாவ முடியாம ஃபெயிலானவன். உம்புள்ள ஃபெயிலாவறதுக்கு கோச்சிங் எடுத்துகினு கீறான். நம்ம குடும்பம் முன்னேறிச்சு."

"மாமா, அது வேற, இது வேற" என்றான் மகன்.

"எனக்கும் மொதல்ல வேறயாதான் நைனா இருந்துச்சி. ஒரு தபாதான்னு."

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். கை கழுவிக்கொண்டே, "நான் அடிச்ச பீஸ நானே நசுக்கிப் போட்டுட்டு வந்தா கேட்டுல செக்யூரிட்டி விட மாட்டான்டா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலப் பூசையில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கென்று ஒரு விசேஷ ஜெபம். எங்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் நடப்பதுதான். பீடத்துக்குக் கீழே ஒரு ஸ்டீல் தட்டு வைப்பார்கள், பிள்ளைகள் வரிசையாகப் போய் ஹால் டிக்கெட்டை அதில் வைக்க, ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். எழுத்து கலைந்துவிடுமே என்று பத்தாவது படிக்கிற வாண்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவரும். என் மகன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"போடா" என்றேன் மெல்ல.

"வேணாம்மா."

"ஏன்?"

"ஃபாதர் இன்னான்னு ஜெபம் பண்ணுவாரு? எல்லாரும் தேர்ச்சி பெறணும்னு. நான் அதுல போய் நின்னா அது பொய்மா."

மண்டியிட்டேன். மற்ற தாய்மார்கள் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவரே, என் பிள்ளை தோற்க அருள் புரியும் என்று எந்தத் தாய் கேட்பாள். ஜெயிக்க அருள் புரியும் என்று கேட்டால் அவன் கணக்கு கெட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் அறுபதுக்கு மேலே ஒரு சின்ன சந்து இருக்கிறது, அதற்குள் அவனை நுழைத்துவிடும் என்று கேட்கலாம். ஆனால் மார்க் சொல்லியா ஜெபம் செய்வது. முட்டி வலித்தது. மின்விசிறி தலைக்கு மேலே கடகடத்தது. பிள்ளையைக் காப்பாற்றும் என்றேன். எதிலிருந்து என்று சொல்லவில்லை.

பரீட்சை அன்று மத்தியானம் வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான், "அடிச்சிட்டேன்."

சோறு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டது. எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டேன். ஐம்பத்தைந்து, மிஞ்சினால் ஐம்பத்தெட்டு என்றான். பத்து பக்கத்துக்கு மேல் எழுதினானாம். எல்லாக் கேள்வியும் தொட்டானாம். ஒரு கேள்வி பாடத்திலேயே இல்லாத எங்கிருந்தோ வந்ததாம். அதற்கும் வாய்க்கு வந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதினானாம். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கேலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தானாம். மேற்பார்வைக்கு நின்ற மேடம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாராம்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எல்லா வருஷமும் பாக்கறாங்க போல. பக்கத்து பெஞ்சு பையனுக்குத்தான் பேஜாராயிட்ச்சி. சத்தம் கேட்டு அவன் எழுதறத நிறுத்திட்டான்."

தோழி என்ன செய்தாள் என்று கேட்டதற்கு, "வேற ரூம். அவளும் அடிச்சிருப்பா" என்றான்.

ரிசல்ட் வந்த அன்று அவன் முதலில் பார்த்தது தன்னுடைய எண்ணை. ஏழு புள்ளி ஐந்து மூன்று. நின்றிருந்தது. கைமுட்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து குத்தினான். அந்தப் பாடத்துக்கு நேரே மறுபடி எழுத வேண்டும் என்கிற குறி. அது அவன் எதிர்பார்த்ததுதான். அப்புறம் வகுப்பு வாட்ஸப் குழுவில் மற்றவர்களுடைய ரிசல்ட் வரத் தொடங்கியது. அவன் முகம் மெதுவாக மாறியது. ஆறின பாலில் ஆடை படிகிற மாதிரி ஏதோ அதன்மேல் படிந்தது.

பாடத்தில் இல்லாத அந்தக் கேள்விக்கு, அதைத் தொட்ட எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். தொட்டிருந்தால் போதும். ஐம்பத்தைந்து என்று அழுதவர்கள் எல்லாம் அறுபத்தைந்துக்கு மேலே போய் நின்றார்கள். அவன் ஒன்றரைப் பக்கம் தொட்டிருந்தான். தொட்டதைக் கோடு போட்டு அடித்திருந்தான். அடித்த தாளுக்கு மறுமதிப்பீடு கிடையாது.

மண்ணூர்பேட்டைப் பெண்ணுக்கு அந்தப் பாடத்தில் ஏழு புள்ளி. அவள் அடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. அவள் ஃபோன் செய்தால் எடுக்கமாட்டான். ஒருநாள் மாலை அவளே வந்தாள். அவன் அவள் குரல் கேட்டதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வாளி நிறைந்து வழிகிற சத்தத்துக்கு மேலே அவள் என்னிடம் பேசினாள், அவனுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

"ஸ்கேல எடுத்து வச்சேன் ஆன்ட்டி. மொத பக்கத்துல வச்சேன். கை வரல. அக்கா கல்யாண ஊட்ல ஒரு மூலைல குந்திகினு நைட்டெல்லாம் படிச்ச ரெண்டு யூனிட்டு அதுல கீது. அத அடிக்க முடியல. நான் அவன ஏமாத்தல."

"அவன்கிட்ட சொல்ல வேண்டிதானம்மா?"

"கணக்கு தெரிஞ்சவ நீன்னு சொல்றான். கணக்கு போட்டுதான் என்ன கவுத்தன்னு மெசேஜ் போடறான். எனக்கு அன்னிக்கி ஒரு கணக்கும் தோணல ஆன்ட்டி. பயம்தான் தோணிச்சி."

காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தாள். குழாய் நிற்கவேயில்லை, அந்த வாரம் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. போகும்போது கதவருகே நின்று, "அவன ரெண்டாவது தபா அடிக்க மட்டும் உட்றாதீங்க" என்றாள்.

அவள் போன பிறகு அவன் வெளியே வந்தான். சட்டை நனையவில்லை, தலை நனையவில்லை. "அவ ஏழு புள்ளி எட்டுல கீறா. அவ அடிச்சாலும் ஒண்ணுதான், அடிக்காட்டியும் ஒண்ணுதான். எனக்குத்தான் ஓரம்" என்றான் சுவரைப் பார்த்து.

ஓரம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை மாதமாக நான் அலைகிறேன். ரயில்வே பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றுகிறது. நூறு பேரில் யாரோ ஓரத்தில் நின்றுதானே ஆகவேண்டும் என்று அறிவு சொல்கிறது. அந்த யாரோ என் வீட்டில் படுத்துத் தூங்குகிறான், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். அறிவு வாயை மூடிக்கொள்கிறது.

இந்த முறை அவன் படித்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறாவது செமஸ்டரின் பாடங்கள் அத்தனையும் எழுதி முடித்த களைப்பில், மே மாத வெயிலில், எல்லோரும் லீவுக்குப் போன பிறகு, தனியாக ஒரு பழைய பாடத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருவது வேறு. கணக்கும் இப்போது இன்னும் இறுகிவிட்டது. ஏழு புள்ளி வந்தால் ஏழரைக்கு மேலே நிற்பான். ஆறு வந்தால் கீழே, நிரந்தரமாக. அடித்துவிட்டால் எண் நிற்கும், ஆனால் கையில் அரியரோடு நேர்முகத் தேர்வுக்குப் போகவேண்டும். அந்தக் கம்பெனி ஒரு அரியர் வரைக்கும் இந்த வருஷம் உட்கார விடப்போகிறது, வேலையில் சேர்வதற்குள் முடித்துவிட்டால் போதும் என்று எவனோ சீனியர் சொல்லியிருக்கிறான். சொன்னவன் யார், அவனுக்கு யார் சொன்னது, ஒன்றும் தெரியாது. அந்த வதந்திதான் எனக்குப் பயம். கதவு மூடியிருந்தால் பிள்ளை முன்னால் போவான். பின்னால் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை வேலைக்குப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு நானும் அவனோடு எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அரியர் பரீட்சைக்குக் காலேஜ் பஸ் வராது. அது எனக்கு இன்று காலைதான் தெரியும். மூன்று வருஷமாகத் தெருமுனையிலேயே ஏறிப் பழகியவன், கையில் ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் உறையோடு, ஷிஃப்டுக்குப் போகிற ஆண்களுக்கும் டிபன் பை தொங்கவிட்ட பெண்களுக்கும் நடுவில் பூந்தமல்லி பஸ்ஸைத் தேடிக்கொண்டு நின்றான். வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. டீக்கடையில் யாரோ அவன் உறையைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, அரியரா?" என்று சிரித்தான். கெட்ட எண்ணமில்லை, வயசுப் பையன். மகனும் சிரித்தான். உறையை முதுகுப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"மாமா காலைல ஃபோன் பண்ணாரு" என்றான்.

"இன்னா சொன்னான்?"

"ஆல் த பெஸ்ட்டுன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் வச்சிகினே இருந்தாரு, கட் பண்ணவே இல்ல."

அவனிடம் கேட்கவேண்டியதை நான் வாசலில் கேட்கவில்லை. மேனாம்பேடு ரோட்டில் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டையோடு ஹாலுக்குள் போகக்கூடாது என்று நினைத்தேன். கேட்காவிட்டால் நான் கேட்கவில்லை என்பதையே அவன் சம்மதமாக எடுத்துக்கொள்வான் என்றும் நினைத்தேன். பஸ் வந்தது. கூட்டம் ஏறியது. அவன் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துத் திரும்பினான். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. எட்டிச் சரி செய்தேன். தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. அப்போது கேட்டேன்.

"எவ்ளோ வந்தாலும் பரவால்ல. இந்த தபா அடிக்க மாட்ட இல்ல?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவன் உள்ளே தள்ளப்பட்டான். ஒரு ஆளின் தோளுக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது, என்னைத்தான் பார்த்தது, பொய் சொல்லத் தெரியாத அதே முகம்.

"கொஸ்டின் பேப்பரப் பாத்துட்டு சொல்றேம்மா."